கேற்றைப் பூட்டிய பிள்ளை

இந்த வருடம் நியமனக் கடிதத்தோடு வன்னிக்கு வந்திருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைமாரே, உங்களுக்கு உதவும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். கடைசி ஏழு வருடம் உப அதிபர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இவ்வளவு காலத்தில் உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டியது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். சரியான காரியத்தைச் செய்துகொண்டு நின்ற ஒரு மாணவியின் கன்னத்தில் நான் ஓங்கி அறைந்தேன். அது போதாதென்று, கோபமெல்லாம் ஆறிய பிறகு, மேசையில் ஆறுதலாக இருந்து அவளுக்கு எதிராக ஓர் அறிக்கையும் எழுதினேன். நானா செய்தேன் என்று என்னையே கேட்கிறேன். நான்தான் செய்தேன்.

எங்கள் பாடசாலை முல்லைத்தீவுக் கரையோரம், கடலுக்கும் வீதிக்கும் நடுவில் இருந்தது. பின்பக்கம் ஒரு பனங்கூடல், அதைத் தாண்டினால் கடல். முன்பக்கம் இரட்டைக் கதவு இரும்புக் கேற், அதைத் தாண்டினால் வீதி, வீதிக்கு அந்தப் பக்கம் மேட்டில் மாதா கோயில். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கடற்றொழில் செய்பவர்களின் பிள்ளைகள். கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது பெரியவர்கள் வருடத்தில் ஒரு நாள் மெழுகுதிரி கொளுத்தி அழுகிற விஷயம். எனக்கு அது என் தங்கச்சி. கடல் பின்வாங்கி நிலம் தெரிந்தபோது அவள் ஓடவில்லை, நின்று வேடிக்கை பார்த்தாள். அவளுடைய உடம்பு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அதனால், அனர்த்தப் பயிற்சிக்குப் பொறுப்பு யார் எடுப்பது என்று கூட்டத்தில் கேட்டபோது, மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்க நான் கையைத் தூக்கினேன். அலுவலகத்துக்கு முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது, அதுதான் எங்கள் மணி. அதை விடாமல் அடித்தால் அவசர மணி. பிள்ளைகள் போட்டது போட்டபடி எழுந்து, வரிசையாகக் கேற்றால் வெளியேறி, வீதியைக் கடந்து, கோயில் மேட்டில் ஏறவேண்டும். முதல் முறை ஒன்பது நிமிடம் எடுத்தது. இரண்டு வருடம் விடாமல் விரட்டியதில் நான்கு நிமிடத்துக்குள் கொண்டுவந்தேன். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு மெச்சினார்கள். எனக்குப் பெருமையில் புளுகம் தாங்கவில்லை. கழுத்தில் தொங்கிய நிறுத்தக் கடிகாரத்தைச் சந்தைக்குப் போகும்போதும் கழற்றவில்லை என்று என் அண்ணன் பகிடி பண்ணுவார்.

இந்த ஒழுங்கெல்லாவற்றையும் குழப்புகிற ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் டிலக்சி, தரம் பத்து. தகப்பன் களப்பில், கடலோர ஏரியில், இறால் பிடிப்பவர். வகுப்பில் கேள்வி கேட்டு எழுப்பினால் உடனே பதில் வராது. எழுந்து நின்று கூரை முகட்டைப் பார்ப்பாள். எனக்கோ பொறுமை கிடையாது. இரண்டு செக்கன் பார்த்துவிட்டு, “சரி இரு, அடுத்த ஆள் சொல்லு,” என்பேன். கேள்வி முடிய முன்னரே கை தூக்குகிற பிள்ளைகள்தான் என் செல்லங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் பாதி பிழை என்பதை நான் கவனித்ததே இல்லை, வேகத்தில் அவ்வளவு மயக்கம். பயிற்சியிலும் டிலக்சி அப்படித்தான். கேற்றடியில் ஒரு கணம் நின்று வீதியின் இரண்டு பக்கமும் பார்ப்பாள், பின்னால் வருகிற வரிசை முட்டுப்படும். “உன்னாலை ஆறு செக்கன் போச்சு!” என்று முழுப் பாடசாலைக்கும் முன்னால் ஏசினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அந்த வருடம்தான் வவுனியாவில் எங்களுக்கு இரண்டு நாள் கருத்தரங்கு வைத்தார்கள். மாணவர்களின் மனக்கட்டுப்பாட்டுத் திறனும் ஆராய்ந்து சிந்திக்கும் திறனும் எப்படிச் சேர்ந்து வளர்கின்றன என்பது தலைப்பு. நடத்தியவர் ஒல்லியான, சத்தம் போடாமல் பேசுகிற ஓர் அம்மா. முதலில் வருகிற பதிலை வாய்க்கு வரமுன் பிடித்து நிறுத்தத் தெரியாத பிள்ளைக்கு ஆராய்ந்து பார்க்க நேரமே கிடைக்காது என்றார். ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு விஷயங்களைக் கொஞ்ச நேரம் மனதில் சேர்த்து வைத்திருக்கப் பழக வேண்டும், எடுத்த முடிவு பிழை என்று கண்டால் வெட்கப்படாமல் திரும்பப் பழக வேண்டும் என்றார். நான் எழும்பி, “எங்கடை பிள்ளையளுக்கு அது பிரச்சினை இல்லை. ஊசி விழுந்தாலும் கேக்கும், அப்பிடி அமைதியா இருப்பினம்,” என்றேன்.

அவர் சிரித்தார். “பிள்ளை உங்களுக்குப் பயந்து பேசாமல் இருக்கிறது வேறை ரீச்சர். தன்னைத் தானே நிப்பாட்டிறது வேறை.”

எனக்குச் சுருக்கென்றது. என்றாலும் குறிப்பெடுத்தேன், சாப்பாட்டுப் பார்சலை வாங்கினேன், சான்றிதழைக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அது மாரிகாலம். பல நாள் அடைமழை விட்டு அன்றுதான் வெயில் எறித்திருந்தது. அதிபர் கூட்டமொன்றுக்குப் போய்விட்டார், பாடசாலை என் பொறுப்பில். இடைவேளை முடிந்து வகுப்புகள் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சங்கீத ரீச்சர் தரம் பத்து வகுப்பிலிருந்து கைத்தொலைபேசியோடு ஓடிவந்தா. முகத்தில் இரத்தமே இல்லை. வட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோ. தண்ணீர் நின்ற இடத்தில் சேறு தெரிகிறது, மீன்கள் துள்ளுகின்றன, யாரோ ஒருவன் குழறுகிறான்: “தண்ணியெல்லாம் போட்டுது! ஓடுங்கோ, ஓடுங்கோ!”

நான் அதை ஐந்து செக்கன் பார்த்திருப்பேன். கடல் வருவதற்கு முன் பின்வாங்கும் என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கே எடுத்தது என்று கேட்கவில்லை. யார் அனுப்பியது என்று கேட்கவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் என் சொந்தக் கையெழுத்தில், சிவப்பு மையில், அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது, இரும்புத் தடி என் கையில் இருந்ததும் நான் மணியை அடித்துக்கொண்டிருந்ததும்தான். எனக்குக் காது அடைத்துப்போயிருந்தது. தங்கச்சியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று பிறகு சங்கீத ரீச்சர் சொன்னா.

பிள்ளைகள் பழக்கியபடி எழுந்து ஓடினார்கள். பயிற்சி நாட்களில் இரண்டு ஆசிரியர்கள் முதலில் வீதிக்குப் போய்ச் சிவப்புக் கொடி பிடித்து வாகனங்களை மறிப்பார்கள். அன்று அதில் ஒருவர் லீவு. மற்றவர் பின்பக்கத்தால் ஓடினார், அவருடைய குழந்தை பனங்கூடலுக்கு அருகே உள்ள முன்பள்ளியில் இருந்தது. அவரில் நான் குறை சொல்ல மாட்டேன், எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். வீதியில் யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டியவள் நான். நான் மணியடித்துக்கொண்டு நின்றேன்.

அடிப்பதை விட்டுவிட்டு முன்பக்கம் ஓடியபோது நான் கண்ட காட்சியை என்னால் நம்ப முடியவில்லை. கேற் பூட்டிக் கிடந்தது. இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் நெரிபட்டு நின்றார்கள். சின்னதுகள், “அக்கா, திறவுங்கோ அக்கா!” என்று அலறின. கேற்றில் முதுகை முட்டுக்கொடுத்து, இரண்டு கைகளாலும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிலக்சி நின்றாள். பயத்தில் இவளுக்கு விசர் பிடித்துவிட்டது, எல்லாப் பிள்ளைகளையும் சாகடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போனேன்.

“திறவடி!”

அவள் அசையவில்லை. கையை ஓங்கி அறைந்தேன். அவளுடைய தலை ஒரு பக்கம் திரும்பியது. கை மட்டும் கம்பியை விடவில்லை.

“ரீச்சர், டிப்பர் வருது,” என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, முதலாவது டிப்பர் கேற்றை உரசுகிற மாதிரிப் பறந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மணல் ஏற்றிய டிப்பர் லொறிகள், கோண் அடிப்பதை நிறுத்தாமல். கேற் கிடுகிடுத்தது. சேற்றுத் தண்ணீர் எங்கள் எல்லோருடைய முகத்திலும் அடித்தது. அந்தச் சாரதிமாருக்கும் அதே வீடியோ வந்திருக்கிறது, அவர்களும் உயிர் தப்ப ஓடியிருக்கிறார்கள். கேற் திறந்திருந்தால் அந்த நேரம் வீதியின் நடுவில் தரம் பத்து இருந்திருக்கும். அதன் பின்னால், நான் வகுத்த ஒழுங்குப்படி, கைகோத்துக்கொண்டு தரம் ஆறு.

நான் கேற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

டிலக்சி திரும்பிக் கம்பிகளுக்குள்ளால் இரண்டு பக்கமும் பார்த்தாள். கொண்டியை இழுத்தாள். “இப்ப கடக்கலாம். ஓடாதேங்கோ, கையைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ,” என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள். கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

“ரீச்சர், இண்டைக்குக் களப்பு வெட்டினவையெல்லோ. அப்பாவும் விடியப் போனவர். வகுப்பிலை சங்கீத ரீச்சர் பாத்த அந்த வீடியோ களப்பாயும் இருக்கலாம். எண்டாலும் வடிவாத் தெரியாதுதானே, நாங்கள் மேட்டுக்கே போவம்.”

வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டும். களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு அடைத்துக்கொண்டு கிடக்கும். மாரியில் களப்பு நிரம்பி வயல்களுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், ஊர்ச் சனம் மண்வெட்டிகளோடு போய் அந்தத் திட்டை வெட்டிவிடும். தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குள் போகும். சில மணி நேரத்தில் களப்பின் ஓரங்களில் சேறு தெரியும், மீன் துள்ளும். வருடா வருடம் நடக்கிற காரியம். வெளியாள் எவனோ அதைப் பார்த்துப் பயந்துபோய் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறான்.

எனக்கு இது தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் அறிவித்தார்கள், நான் முன்வாங்கில் இருந்து கேட்டேன். அன்று விடிய என் அண்ணனும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு களப்புக்குத்தான் போனார். போகமுன் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நான். அதை ஊற்றிய கையால்தான் சில மணி நேரம் கழித்து மணியை அடித்தேன். தெரிந்த விஷயம் ஒன்று தலைக்குள் இருக்க, அது இல்லாதது போலவே நடந்தேன் என்பதுதான் என்னை இன்றுவரை அதிரவைக்கிறது. பயம் என்னுடைய அறிவை அழிக்கவில்லை, அதற்குப் பேச இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பிள்ளையோ, பயந்து நடுங்கிக்கொண்டே, கடல் வரலாம் என்பதையும் அது களப்பாக இருக்கலாம் என்பதையும் டிப்பர் வருவதையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருந்தாள். நான் மந்தம் என்று நினைத்தது இதைத்தான்.

கோயில் மேட்டிலிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். “அப்பிடி ஒரு எச்சரிக்கையும் இல்லை, ஆர் சொன்னது உங்களுக்கு?” என்று கேட்டார்கள். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இனித்தான் நான் வெட்கப்படுகிற பகுதி. நெரிசலில் தரம் ஆறுப் பிள்ளை ஒன்றுக்குக் கை முறிந்திருந்தது. மத்தியானத்துக்குள் பெற்றோர் திரண்டுவிட்டார்கள். தாய்மார் அழுதார்கள், தகப்பன்மார் கத்தினார்கள். “கேற்றைப் பூட்டினது ஆர்?” என்பதுதான் கேள்வி. மணியடித்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. டிலக்சி, “நான்தான் பூட்டினனான்,” என்றாள். டிப்பரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், அந்த இரைச்சலில் யார் கேட்பது? எனக்கு உரத்த குரல் உண்டு, முழு மைதானத்துக்கும் கேட்கும். நான் வாய் திறக்கவில்லை.

பின்னேரம் அதிபர் வந்து அறிக்கை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். “மாணவி ஒருவர் அறிவுறுத்தலை மீறி வாயிற்கதவைப் பூட்டியதால் நெரிசல் ஏற்பட்டு ஒரு பிள்ளை காயமடைந்தது.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, வாசித்துப் பாருங்கள். முழுவதும் உண்மையான சொற்களால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடிக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். கண்டும் கையெழுத்து வைத்தேன். விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று அதிபர் சொன்னார். அடுத்த வருடம் அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை. இடையில் துரத்தப்பட்ட பிள்ளையை வேறு எந்தப் பாடசாலை எடுக்கும்? அவள் படிப்பை விட்டுவிட்டு வீட்டில் இருப்பாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று இரவு எனக்கு நித்திரை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான்கு நாள் கழித்து வலயத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். அதிபரின் அறையில் அவரும் அதிபரும் நானும். எதிரே டிலக்சியும் தகப்பனும். தகப்பன் கதிரையில் இருக்க மறுத்து, சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு சுவரோடு நின்றார். அதிகாரி என் அறிக்கையைப் படித்தார். பிறகு டிலக்சியிடம் எழுதி வாங்கியிருந்த விளக்கக் கடிதத்தை உரத்து வாசித்தார்.

“அவசர மணி கேட்டால் யோசிக்கக் கூடாது, ஓட வேண்டும் என்று உப அதிபர் ரீச்சர் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறா. நான் அன்று யோசித்துவிட்டேன். அது என்னுடைய பிழை. தரம் ஆறுத் தம்பியின் கை முறிந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.”

டிப்பரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் அறைந்ததும் இல்லை. அவள் அதை என்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உண்மையாகவே தான் பிழை செய்துவிட்டதாக அந்தப் பிள்ளை நம்பியிருந்தாள். நான் படிப்பித்தது அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது. இத்தனை வருடம் வகுப்பறையில் நின்று நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

“சேர்,” என்றேன். “அந்த அறிக்கையைக் கிழிச்சுப்போடுங்கோ. விசாரிக்காமல் மணி அடிச்சது நான். வீதியை மறிக்க ஆக்களை விடாதது நான். இந்தப் பிள்ளை கேற்றைப் பூட்டியிராட்டி நீங்கள் இண்டைக்கு விசாரணைக்கு வந்திருக்க மாட்டியள், செத்த வீட்டுக்கு வந்திருப்பியள். நான் இவளுக்கு அடிச்சுமிருக்கிறன்.”

அதிபர் என்னை முறைத்துப் பார்த்தார். அதிகாரி பேனையை மூடி வைத்துவிட்டு டிலக்சியிடம், “எப்பிடிப் பிள்ளை உனக்கு அந்த நேரம் நிண்டு பாக்க ஏலுமா இருந்தது?” என்று கேட்டார்.

அவள் வழக்கம்போல முகட்டைப் பார்த்தாள். நாங்கள் நான்கு பெரியவர்கள் காத்திருந்தோம். அவளுடைய பதிலுக்காக நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது, அன்று கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

“நானும் ஓடத்தான் வெளிக்கிட்டனான் சேர். சரியான பயம். கோண் சத்தம் கேட்டுது. ஓடுறதை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டு, பிறகு ஓடுவம் எண்டு நினைச்சன்.”

தகப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிலக்சிக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பயிற்சிப் பொறுப்பையும் எடுத்துவிட்டார்கள். இரண்டும் நியாயம். கை முறிந்த பிள்ளையின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். தாய் என்னை உள்ளே கூப்பிடவில்லை, அதுவும் நியாயம்தான்.

விசாரணைக்கு அடுத்த நாள், பாடசாலை விட்ட பிறகு, டிலக்சி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். நான் எழுந்தேன். “அடிச்சதுக்கு மன்னிச்சுக்கொள் பிள்ளை,” என்றேன்.

“அது பரவாயில்லை ரீச்சர்,” என்றாள் அவசரமாக. அவள் வந்தது அதற்காக இல்லை. “ஒண்டு கேக்கோணும். அடுத்தமுறை மணி அடிச்சால் ஓடுறதோ, நிண்டு பாக்கிறதோ? கடல் உண்மையா வந்தால், நிண்டு பாத்த ஆக்கள்தானே ரீச்சர் செத்துப்போவினம்?”

நான் வாயைத் திறந்தேன். முப்பது வருடப் பழக்கத்தில் ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்திவிட்டுத் தேடிப் பார்த்தால் உள்ளே வேறு பதில் இல்லை.

“தெரியாது பிள்ளை,” என்றேன். எந்த மாணவியிடமும் அதற்கு முன் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அவள் ஏமாந்துபோவாள் என்று நினைத்தேன். அவளோ எனக்கு எதிரே கிடந்த கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

“அப்ப இருங்கோ ரீச்சர்,” என்றாள், “யோசிச்சுப் பாப்பம்.”